பிள்ளை ஒரு தலைவரைத் தெய்வமாக நினைக்கிறான். உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

கடைமடைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தின் கடைமடையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஏழெட்டு மாதமாக ஓர் அரசியல் தலைவர்மேல் உயிராக இருக்கிறான். தலைவரின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் இந்த இழை கட்சிச் சண்டையாகப் போய்விடும். எனக்குத் தேவை பிள்ளை வளர்த்தவர்களின் யோசனை.

முதலில் படுக்கைக்கு மேலே படம் ஒட்டினான். பிறகு சைக்கிளில் கொடி கட்டினான். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே குரலை உயர்த்துகிறார் என்பதுவரை அவருடைய பேச்சு மனப்பாடம். என் தம்பி ஒருநாள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொன்னான். இவன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன் அவன்.

சென்ற வெள்ளிக்கிழமை கை கழுவச் சட்டையை மடித்துவிட்டபோது பார்த்தேன். முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் தலைவரின் பெயர். அதே எழுத்துகளின்மேல் திரும்பத் திரும்ப எழுதியதில் தோல் சிவந்து தடித்திருந்தது. "18 வயதானதும் பச்சை குத்திக்கொள்வேன், அதுவரை தினமும் எழுதுவேன்" என்றான். அது அவன் அப்பா காதில் விழுந்தது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தைக் கிழித்துவிட்டார். தந்தையும் மகனும் பேசிக்கொண்டு இன்றோடு ஐந்து நாளாகிறது.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் கூட்டம். போயே தீருவேன் என்கிறான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் நெரிசலில் உயிரிழந்த செய்தியை விடிய விடியத் தொலைக்காட்சியில் பார்த்தவள் நான். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. இவனை எப்படி மீட்பது?

ஈரோட்டுத் தந்தை எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் செய்ததில் தவறில்லை. எனக்கும் இரண்டு பையன்கள். எங்கள் வீட்டில் அரசியல் தலைவர், நடிகர், யார் படமும் சுவரில் கிடையாது. ஓட்டுப் போடும் வயது வரட்டும், அப்போது அவரவர் விருப்பம். 13 வயதில் பிள்ளைக்குப் படிப்பு ஒன்றுதான் வேலை. என் உடன்படித்தவன் ஒருவன் பத்தாம் வகுப்பிலேயே கொடி பிடிக்கப் போனான். மேடை கட்டினான், சுவரொட்டி ஒட்டினான், இருபது வருடம் ஓடினான். இன்று அவனைத் திரும்பிப் பார்க்கக் கட்சியில் ஒருவரும் இல்லை. அதைக் கண்ணால் கண்டவன் சொல்கிறேன். கண்டிப்பு வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

ஈரோட்டு நண்பரின் கவலை புரிகிறது. ஆனால் படத்தைக் கிழித்தது சரி என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பையனின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா தி.மு.க.காரர். கறுப்புச் சிவப்புக் கரைவேட்டி தவிர வேறு கட்டமாட்டார். நானோ எம்.ஜி.ஆர். பிள்ளை. காரணம் சினிமா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையான காரணம் சோறு. 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது எனக்கு 7 வயது. அதற்கு முன் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மதியத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். சூடான சோற்றைத் தட்டில் போட்டவர் யார் என்று கேட்டால் ஒரே பெயர்தான் தெரியும். அந்தப் பெயர்மேல் எனக்கு இருந்தது வயிற்றிலிருந்து வந்த அன்பு.

1984இல் அவர் அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். தொகுதிக்கு வராமலே எங்கள் ஆண்டிபட்டியில் வென்றார். அவருக்காக வேண்டிக்கொண்டு நான் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு நடந்தேன். போகிற வழியில் இருட்டு என்பதால் அப்பா டார்ச் விளக்கோடு கூட வந்தார். கோயிலுக்குள் வரமாட்டார், வெளியே திண்ணையில் காத்திருப்பார். ஏன் வந்தீர்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

1987 டிசம்பர் 24 காலை வானொலியில் செய்தி வந்தது. எனக்கு 12 வயது. நாள்காட்டியில் இருந்த அவர் படத்தை வெட்டி எடுத்து, மாடத்தில் வைத்து, அகல் ஏற்றினேன். அன்று பகலில்தான் சென்னை அண்ணா சாலையில் இருந்த கலைஞர் சிலையை உடைத்தார்கள். அந்தச் செய்தி சாயங்காலம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அப்பா வெளியிலிருந்து வந்து மாடத்துக்கு எதிரே நின்றார். முகம் இறுகியிருந்தது. அடிக்கப் போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார். "திரி கருகுகிறது பார்" என்று சொல்லி அகலில் எண்ணெய் ஊற்றினார்.

ஆனால் மூன்று நாள் என்னைத் தெருவைத் தாண்டிப் போகவிடவில்லை. கலவரம் ஒருபுறம். துக்கம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி ஒருபுறம். "தலைவனுக்காக அழலாம். உயிரை விடுகிறவன் தலைவனுக்கு எதையும் தரவில்லை, தாய்க்குத் தீராத துயரத்தைத்தான் தருகிறான்" என்றார். அதைச் சொன்னபோது என் தோளை இறுகப் பிடித்திருந்தார்.

சில வாரம் கழித்துக் கேட்டார், அவரிடம் உனக்கு எது பிடித்தது என்று. சோறு போட்டார் என்றேன். "அது சரியான காரணம். யார் அதைச் செய்தாலும் இதேபோலக் கும்பிட வேண்டும், சம்மதமா?" என்றார். சம்மதித்தேன். 1989இல் கலைஞர் ஆட்சி வந்து சத்துணவில் முட்டை சேர்த்தபோது, முதல் முட்டை போட்ட அன்று அப்பா வாசலிலேயே நின்று கேட்டார், "முட்டை எப்படி இருந்தது?" என்று. இருவரும் சிரித்தோம். நான் இன்றும் எம்.ஜி.ஆரை நேசிக்கிறேன். அப்பாவை அதைவிட நேசிக்கிறேன். அந்த எண்ணெய்க் கிண்ணம்தான் காரணம்.

ஈரோட்டுத் தந்தை எழுதியது:

ஐயா, உங்கள் தந்தையை வணங்குகிறேன். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளையின் கையில் கைப்பேசி இல்லை. இன்று ஒரு பேச்சைப் பார்த்தால் அடுத்து நூறு வந்து விழுகிறது. எதிர்க்கருத்தே கண்ணில் படாது. எண்ணெய் ஊற்றினால் விளக்கு எரியும், காடும் எரியும்.

வார்டு எண் நான்கு எழுதியது:

நான் செவிலியர். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. கையில் பேனாவால் அழுத்தி எழுதுவதைத் திட்டி நிறுத்தாதீர்கள். தோல் உரிந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி உலரவிடுங்கள், சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, கூட்டம். நெரிசலில் பெரும்பாலான உயிர்கள் மிதிபடுவதால் போவதில்லை. நாலாபுறமும் உடல்கள் நெருக்கும்போது மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடுகிறது. நின்றபடியே இறந்துபோகிறவர்கள் உண்டு. 13 வயதுப் பையனின் முகம் பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கும், காற்றே கிடைக்காது. தலைவர் வரும் நேரம் தள்ளிப்போகப் போகத் தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் உடம்பு ஏற்கெனவே சோர்ந்திருக்கும். வாகனம் நகரும்போது அதன் பின்னால் ஓடுகிற நிமிடம்தான் மிக ஆபத்தானது. இதை அவனிடம் பயமுறுத்துவதுபோலச் சொல்லாமல், பெரியவனிடம் சொல்வதுபோல உள்ளபடியே சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேச்சை வீட்டில் நேரலையில் பார்க்கலாம்.

நீலவானம் எழுதியது:

இழையைத் தொடங்கிய அம்மாவுக்கு மரியாதையோடு ஒன்று. 'மீட்பது' என்ற சொல் என்னை உறுத்தியது. எல்லாப் பிள்ளையும் மீட்கப்பட வேண்டிய இடத்தில் இல்லை.

என் மகளுக்கு 11 வயது. அவளுடைய தலைவர் அம்பேத்கர். எங்கள் வீட்டில் நடுக்கூடத்தில் அவர் படம்தான் இருக்கிறது, என் தாத்தா மாட்டியது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கற்றேன். எங்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு தலைவரின் படம் என்பது நிமிர்ந்து நடக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்கிற ஒரே ஆளாக இருக்கலாம். அதைக் கிழித்தால் என்ன கிழியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவளுக்கு 6 வயதிருக்கும்போது பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிலையைக் காட்டிக் கேட்டாள், "தாத்தா ஏன் கூண்டுக்குள்ளே இருக்கிறார்? என்ன தப்பு செய்தார்?" என்று. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அவர் சிலை கம்பிக்கூண்டுக்குள் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவரை உடைக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று 6 வயதுக் குழந்தைக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "தப்பு செய்தவர் அவரில்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் கம்பிக்குள் விரலை விட்டுப் பீடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சென்ற ஆண்டு அவள் நோட்டு அட்டையில் ஒட்டியிருந்த படத்தின்மேல் ஒரு பையன் மை கொட்டிவிட்டான். அவனை அடித்துவிட்டாள். பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அவள் கோபம் நியாயம் என்று ஆசிரியரிடம் சொன்னேன், அடித்ததற்கு அவளை மன்னிப்புக் கேட்கவும் வைத்தேன். அன்றிரவு, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தியும் தனிமனித வழிபாடும் சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் நிச்சயமான பாதை என்று எச்சரித்தார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நம் உரிமையை அவர் காலடியில் வைத்துவிடக் கூடாது என்றார்.

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் அவரை நான் கும்பிடக் கூடாதா?" என்றாள். "அவர் எழுதியதைப் படி. படிப்பதுதான் அவருக்குப் பிடிக்கும்" என்றேன். ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாத் குளத்தில் 1927இல் அவர் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிய கதையை இப்போது அவள் தன் தம்பிக்குச் சொல்கிறாள். படம் இன்னும் கூடத்தில் இருக்கிறது.

தன்னைப் பின்பற்றுகிறவனிடம் அந்தத் தலைவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். சிந்திக்கச் சொல்கிறாரா, சீறச் சொல்கிறாரா?

கடைமடைத் தாய் எழுதியது:

அண்ணா, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கூண்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். வைகைக்கரை ஐயா எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கி மறுபடி தானே படித்தார்.

ஆனால் ஒரு கேள்வி. தலைவரைப் பற்றித் தவறான செய்தி உண்மையாகவே வந்தால் பிள்ளையிடம் சொல்வதா, மறைப்பதா?

தையல் மிஷின் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லலாம். எனக்கு 22 வயது. சின்ன வயதில் என் உலகமே ஜெயலலிதாதான். அத்தனை ஆண்கள் நடுவே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், அது போதுமாக இருந்தது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா தையல் தைத்து எங்களை வளர்த்தார். ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஜெயலலிதாவின் படத்தை ஒட்டி வைத்திருந்தேன்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. கடைகள் மூடின, பஸ் ஓடவில்லை. தெருவில் எல்லாரும் பொய் வழக்கு என்று கத்தினார்கள், நானும் கத்தினேன். அம்மா என்னை அடக்கவில்லை. மறுநாள் செய்தித்தாள் வாங்கிவந்து, மிஷினை நிறுத்திவிட்டு, தீர்ப்புச் செய்தியை வரி வரியாக என்னுடன் சேர்ந்து படித்தார். எனக்குப் புரியாத சொல்லுக்கு அவருக்கும் பொருள் தெரியாவிட்டால் அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார், அவரிடம் போய்க் கேட்டோம்.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தபோது, "பார்த்தீர்களா?" என்று அம்மாவிடம் ஓடினேன். "வா, இதையும் படிப்போம்" என்றார், அதே பொறுமையோடு. 2016 டிசம்பரில் அவர் மறைந்தபோது அம்மாவும் என்னோடு அழுதார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பையே உறுதிசெய்தது. அப்போது செய்தித்தாளை நானே வாங்கிவந்தேன்.

அவர் ஆட்சியில் 1992இல் வந்த மகளிர் காவல் நிலையத்தையும் தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் இன்றும் நெஞ்சாரப் பாராட்டுவேன். தீர்ப்பையும் மறுக்கமாட்டேன். ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்க முடியும் என்பதை 13 வயதுக்குள் அறிந்துகொண்டேன். அம்மா மறைத்திருந்தால் வெளியே யாரோ ஒருவர் ஏளனமாகச் சொல்லித் தெரிந்திருக்கும். அப்போது நான் அம்மாவைத்தான் நம்பாமல் போயிருப்பேன். அதனால் சொல்லுங்கள் அக்கா. மகிழ்ச்சியோடு மட்டும் சொல்லாதீர்கள். "உன் ஆள் மாட்டிக்கொண்டான்" என்கிற தொனி ஒரு துளி இருந்தாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பழைய வாத்தியார் எழுதியது:

விருதுநகர் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காமராசர் என்றால் சாமி. ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளன்று பேச்சுப் போட்டி வைத்தால் நாற்பது பிள்ளைகளும் அதே நாலு கதைகளைச் சொல்வார்கள். ஒரு வருடம் எனக்கே சலித்துப்போய், அவர் தோற்ற தேர்தலைப் பற்றிப் பேசச் சொன்னேன். வகுப்பே திகைத்தது. காமராசர் தோற்றாரா? 1967இல், சொந்த ஊரான விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார் என்றேன். ஒரு பெண் எழுந்து, "நம் ஊர்க்காரர்களேவா சார்?" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

அந்த வாரம் முழுதும் வகுப்பு வேறாக இருந்தது. ஏன் தோற்றார், அரிசித் தட்டுப்பாடு என்றால் என்ன, 1965 மொழிப் போராட்டம் என்ன, எல்லாம் பிள்ளைகளே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்தார்கள். 1969இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அவர் மறுபடி நின்று வென்றதையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காமராசர்மேல் இருந்த அன்பு ஒரு துளியும் குறையவில்லை. சாமியாக இருந்தவர் மனிதரானார், அவ்வளவுதான். மனிதரிடம்தான் நாம் எதையாவது கற்க முடியும்.

அம்மா, இன்னும் ஒன்று. தேர்தல் பிரசாரத்தில் எந்த வகையிலும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. கொடி பிடிக்க, துண்டறிக்கை கொடுக்க யாராவது பையனைக் கூப்பிட்டால் இதைச் சொல்லுங்கள். ஆனால் 13 வயதுக்காரனுக்கு அரசியலே கூடாது என்று பொருளில்லை. ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவனை அழைத்துப்போய்ப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். வாக்களிக்க வயதில்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். நூறு பேர் உட்கார்ந்து ஒரு தெருவிளக்குக்காக வாதாடுவதைப் பார்க்கட்டும்.

ஈரோட்டுத் தந்தை எழுதியது:

என் கருத்தில் பாதியை இன்னும் விடவில்லை. கைப்பேசி நேரத்துக்குக் கணக்கு வேண்டும், கூட்டம் வேண்டாம். ஆனால் நேற்று என் பெரியவனிடம், உனக்குப் பிடித்த தலைவர் யார் என்று முதல்முறையாகக் கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு பெயர் சொன்னான். இரண்டு வருடமாகவே பிடிக்குமாம். எனக்குத் தெரியாது. சுவரில் படம் இல்லை என்பதால் மனத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நெஞ்சு வலித்தது.

கடைமடைத் தாய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று இரவு சாப்பாடு முடிந்ததும் என் கணவர் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படத்தைக் கிழித்தது தப்பு என்று சொன்னார். எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பிறகு, "அவர் பேசியதில் உனக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அதைப் போட்டுக் காட்டு" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தான்.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை என்று அவர் பேசிய பேச்சு அது. மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறக்கிறார்கள், செய்தித்தாளில் படம் வருகிறது, கடைசி வயலுக்குப் போய்ப் பார்த்தவர் யார் என்று கேட்கிறார். அந்த இடம் வந்ததும் மகன் வாய்க்குள்ளேயே கூடச் சொன்னான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்றங்கால் காய்ந்து என் மாமனார் வரப்பில் உட்கார்ந்துவிட்ட அன்று, இவனும் பக்கத்தில் நின்றான். அவர் அழுததைப் பார்த்தான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தலைவர்தான் பேசினார்.

பேச்சு முடிந்ததும் என் கணவர் சொன்னார், "கேள்வி சரி. ஆனால் அணை மட்டும் காரணமில்லை. நம் வாய்க்காலில் இரண்டாவது மதகுக்குக் கீழே ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, தூர் வாரவில்லை. வந்த தண்ணீரும் அங்கேயே நின்றுவிடுகிறது." மகன் கேட்டான், "அது அவருக்குத் தெரியுமா?" "தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார். பதினொரு மணிவரை இருவரும் வாய்க்காலைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கிராம சபையில் கொடுக்க மனு எழுதப்போகிறார்களாம். இன்று காலை ஆறு மணிக்கே மதகைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கூட்டத்துக்குப் போகும் பேச்சு இன்னும் முடியவில்லை. செவிலித் தங்கை சொன்னதை அப்படியே சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் போயே தீருவேன் என்று இந்த முறை சொல்லவில்லை. கிழிந்த படத்துக்குப் பதிலாக வேறு படம் வேண்டுமாம். சனிக்கிழமை அப்பாவே வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.